அயலார் கேட்ட கேள்வி

சென்ற இதழில் இப்பகுதியில் நம் பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அது குறித்து அன்பர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கின்றார்கள். அவர்கட்கு என் நன்றி. இத்திங்கள் அதனினும் சற்று நுட்பமானதொரு பொருளை எடுத்துக்கொள்கின்றேன். அயல் மாநிலத்தில் குடியிருக்கும் நம் ஒவ்வொருவர் வீட்டு வாயிலிலும் என்றேனும் ஒருநாள் வந்து நிற்கும் கேள்வி அது. "நீங்கள் எதனை நம்புகின்றீர்கள்?" என்பதே அக்கேள்வி.

எங்கள் வீட்டுக்கு அது நவராத்திரியின் மூன்றாம் நாள் மாலை வந்தது.

எதிர்வீட்டில் சீக்கியக் குடும்பம் ஒன்று ஆறு ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றது. தீபாவளிக்கு எங்கள் முறுக்கு அங்கே செல்லும். குரு நானக் பிறந்தநாளன்று கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிய பிரசாதம் அங்கிருந்து இங்கே வரும். மின்சாரம் நின்றுபோன இரவுகளில் மாடிப்படியில் ஒன்றாக அமர்ந்து விலைவாசியையும், பிள்ளைகளின் தேர்வையும், தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் பேசியிருக்கின்றோம். கடவுளைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசியதில்லை. பேசாதிருப்பதே பண்பு என்று இரு வீட்டாரும் எண்ணியிருந்தோம் போலும்.

இவ்வாண்டு கொலு பார்க்க வந்த அவ்வீட்டு அம்மையார், சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு படிகளை நெடுநேரம் நோக்கியிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாய் சாகிப், ஆறு ஆண்டுகளாக இதைப் பார்க்கின்றேன். மிகவும் அழகாக இருக்கின்றது. ஆனால் எதற்காக வைக்கின்றீர்கள் என்று இதுவரை கேட்டதில்லை. இதில் நீங்கள் நம்புவது என்ன?" என்றார்.

நான் புன்னகை செய்தேன். "இது எங்கள் வழக்கம். எப்படியும் எல்லாச் சமயங்களும் ஒன்றைத்தானே கூறுகின்றன?" என்றேன். நயமான விடை என்பது என் எண்ணம். அம்மையாரோ அதனை ஏற்கவில்லை. "ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் நாங்கள் உருவத்தை வணங்குவதில்லை; நீங்களோ ஏழு படி நிறைய உருவங்களை வைத்து ஒன்பது நாள் கொண்டாடுகின்றீர்கள். எல்லாம் ஒன்று என்று நீங்கள் சொல்லிவிட்டால் நான் கேட்டதற்கு விடை எங்கே?" என்றார். அவர் குரலில் குற்றம் காணும் தொனி சிறிதும் இல்லை; அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆவலே இருந்தது. நான் வாயடைத்து நின்றேன்.

அன்றிரவு, ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் படுக்கையில் இருந்தபடியே, "அப்பா, அந்த ஆன்ட்டி கேட்டாரே, நாம் என்னதான் நம்புகின்றோம்?" என்று கேட்டாள். அயலாருக்குச் சொல்ல விடையில்லாதது வெட்கம். பெற்ற மகளுக்குச் சொல்ல விடையில்லாதது வெட்கத்தினும் பெரிது, அது கவலை.

ஊரில் இருந்தவரையில் எனக்கு இக்கேள்வி எழுந்ததில்லை. எழ வேண்டிய தேவையும் இருந்ததில்லை. கோயில் மணியும், மார்கழி விடியற்காலையும், அத்தையின் விரதமும், தெருமுனைப் பந்தலும் சேர்ந்து அங்கே ஒரு காற்றாய் நம்மைச் சூழ்ந்திருந்தன. காற்றை எவரும் ஏன் சுவாசிக்கின்றாய் என்று கேட்பதில்லை. இங்கோ நாம் செய்யும் ஒவ்வொன்றும் பிறர் கண்ணுக்குப் புதுமையாய்த் தோன்றுகின்றது. வாயிற்கோலமும், வெள்ளிக்கிழமை விளக்கும், தைப்பூச விரதமும், வேளாங்கண்ணி மாதாவின் படமும், நாகூர் கந்தூரிக்கு அனுப்பும் காணிக்கையும் இங்கே கேள்விக்கு உள்ளாகின்றன. அக்கேள்விக்கு நாம் அஞ்சுவதா, அதனை வரவேற்பதா? இதுவே நான் இன்று ஆராய விழைவது.

என்னைப்போல் வாயடைத்து நின்றவர் வேறு எவரேனும் உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். காந்தியடிகளின் நினைவு வந்தது.

1888-இல் சட்டம் பயில இலண்டனுக்குச் சென்ற இளைஞர் காந்திக்கு, அங்கே தங்கிய இரண்டாம் ஆண்டின் இறுதியில் பிரம்மஞான சபையைச் சேர்ந்த சகோதரர் இருவர் அறிமுகமாயினர். அவர்கள் பகவத்கீதையை எட்வின் ஆர்னால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து வந்தார்கள். மூல நூலைத் தங்களோடு சேர்ந்து படிக்குமாறு அவரை அழைத்தார்கள். காந்தியோ அந்நூலை வடமொழியிலும் படித்ததில்லை. தம் தாய்மொழியாகிய குசராத்தியிலும் படித்ததில்லை. அதனைச் சொல்ல நேர்ந்தபோது தாம் வெட்கமுற்றதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கின்றார். வாழ்நாள் முழுதும் அவருக்குத் துணைநின்ற நூலை அவர் கையில் எடுக்கச் செய்தது அயல்நாட்டார் இருவரின் அழைப்பே என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது. வெட்கம் அவரைப் படிப்புக்கு அழைத்துச் சென்றது.

பின்னர் 1893-இல் வழக்கு ஒன்றன் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றார். பிரிட்டோரியா நகரில் கிறித்தவ நண்பர்கள் பலர் அவரிடம் அன்பு பாராட்டினர். தங்கள் சமயத்துக்கு அவர் வந்துவிட வேண்டும் என்றும் விரும்பினர். அவர்களுள் கோட்ஸ் என்னும் நண்பர் ஒருவர் காந்தியின் கழுத்தில் துளசிமணி மாலை இருப்பதைக் கண்டார். இது மூடநம்பிக்கை, உமக்குத் தகாது, இதனை நானே அறுத்துவிடுகின்றேன் என்றார். அது தம் தாயார் அளித்த மாலை ஆதலால் அறுக்கலாகாது என்று காந்தி மறுத்தார். அப்படியானால் நீர் அதனை நம்புகின்றீரா என்று நண்பர் கேட்டார்.

காந்தியின் விடையின் சாரத்தைக் கூறுகின்றேன். அம்மாலையின் மறைபொருள் தமக்குத் தெரியாது. அதனை அணியாவிடில் தீங்கு வரும் என்றும் தாம் எண்ணவில்லை. ஆயினும் தாயார் அன்பினால், தம் மகனின் நன்மை கருதி அணிவித்ததைத் தக்க காரணமின்றிக் கழற்ற இயலாது. அது தானே தேய்ந்து அற்றுப்போகும் நாளில் புதியது ஒன்றை நாடவும் மாட்டேன் என்பதே அவ்விடை.

இவ்விடையை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். இதில் சாத்திரம் இல்லை. பெருமை இல்லை. எதிராளியின் சமயத்தைப் பற்றிய குத்தல் இல்லை. தெரியாததைத் தெரியாது என்றும், உள்ளதை உள்ளது என்றும் கூறும் நேர்மை இருக்கின்றது. எல்லாம் ஒன்றே என்று கூறிக் கதவைச் சாத்தவும் இல்லை. என் விடைக்கும் அவர் விடைக்கும் உள்ள தொலைவு எனக்கு அப்போது விளங்கிற்று. நான் கூறியது எவரும் கூறக்கூடியது. அவர் கூறியது அவர் ஒருவரே கூறக்கூடியது.

அவரும் தவறியதுண்டு. டர்பன் நகரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தார் ஞாயிறுதோறும் அவரை உணவுக்கு அழைத்து வந்தார்கள். ஒருமுறை ஏசுநாதரின் வாழ்வையும் புத்தரின் வாழ்வையும் ஒப்பிட்டுப் பேச்சு எழுந்தது. புத்தரின் கருணை மனிதரோடு நில்லாமல் எல்லா உயிர்களையும் தழுவியது என்று காந்தி உயர்த்திப் பேசினார். அவ்வீட்டு அம்மையாரின் மனம் புண்பட்டது. பின்னர் உணவு மேசையில், ஐந்து வயதுகூட நிரம்பாத அவ்வீட்டுச் சிறுவனிடம் இறைச்சியை இகழ்ந்து ஆப்பிளைப் புகழ்ந்தார். அடுத்த வாரம் அம்மையார் தம் மனக்குறையை மெல்ல எடுத்துரைத்தார். காந்தி தம் வருகையை நிறுத்திக்கொண்டார், நட்பை நிறுத்தவில்லை. ஒப்பிடுதல் எங்கே முடிந்து தரம் பிரித்தல் எங்கே தொடங்குகின்றது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. பிறர் வீட்டுப் பிள்ளையின் தட்டைப் பார்த்து நாம் பேசும் சொல், நம் நம்பிக்கையைப் பகிர்வது ஆகாது.

பிரிட்டோரியா நண்பர்களின் வற்புறுத்தல் ஒருபுறமும், தம் சமயத்திலேயே தாம் கண்ட குறைகள் மறுபுறமும் அவரை வருத்தின. 1894-இல் அவர் செய்தது யாது? பம்பாயில் மணி வணிகம் செய்துவந்த சமண அறிஞர் இராய்சந்த்பாய்க்கு இருபத்தேழு கேள்விகளை எழுதி அனுப்பினார். ஆன்மா என்பது யாது? கடவுள் என்பது யாது? முத்தி யாது? பாம்பு கடிக்க வருமாயின் அதனைக் கொல்வதா, கடிக்க விடுவதா? இத்தகைய கேள்விகள் அவை. வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கிறித்தவ நண்பர்கள் எழுப்பிய ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளச் சமணர் ஒருவரிடம் கேட்டார். வந்த விடைகள் அவருக்குப் பொறுமையையும் அமைதியையும் தந்தன. அயலார் கேட்ட கேள்வி ஒருவரைத் தம் வீட்டின் அடித்தளம் வரை இறங்கிப் பார்க்கச் செய்தது.

இனி இதற்கு மாறானதொரு காட்சியைக் காண்போம். வட இந்தியாவில் வாழும் நம்மவர், ஊரிலிருந்து வரும் உறவினரைத் தாஜ்மகால் காட்ட அழைத்துச் செல்லும்போது, அருகிலுள்ள ஃபதேபூர் சிக்ரியையும் காட்டுவதுண்டு. அங்கே அக்பர் 1575-இல் வழிபாட்டு மன்றம் ஒன்றைக் கட்டுவித்தார். வியாழன் இரவுகளில் அறிஞர்களைக் கூட்டிச் சமய உண்மைகளை ஆராய்வது அவர் நோக்கம். தொடக்கத்தில் இசுலாமிய அறிஞர்கள் மட்டுமே அழைக்கப்பட்டார்கள். முதற்பூசல் கடவுளைப் பற்றி எழவில்லை. யார் எங்கே அமர்வது என்பதைப் பற்றி எழுந்தது! பேரரசர் ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒவ்வொரு திசையை ஒதுக்கித் தர வேண்டியதாயிற்று. பின்னும் கூச்சலும் ஏச்சும் எல்லை மீறியதை, அவையில் இருந்த பதாயூனி எழுதி வைத்திருக்கின்றார்.

அதன்பின் மன்றத்தின் கதவு அகலத் திறந்தது. இந்துக்களும் சமணரும் பார்சிகளும் வந்தார்கள். 1580-இல் கோவாவிலிருந்து இயேசு சபைப் பாதிரியார்கள் வந்தார்கள். ஒருமுறை, திருக்குர்ஆனையும் விவிலியத்தையும் ஏந்தி இரு தரப்பாரும் தீயில் இறங்கிச் சோதிப்பது என்னும் பேச்சு எழுந்தது. அறைகூவியவர் யார், பின்வாங்கியவர் யார் என்பதில் அக்பரின் வரலாற்றை எழுதிய அபுல் ஃபசலின் ஏடு ஒன்று கூறுகின்றது. பாதிரியார்களின் ஏடு வேறொன்று கூறுகின்றது. இரு தரப்பாரும் வென்றது தாமே என்று எழுதி வைத்தார்கள்! சில ஆண்டுகளில் அம்மன்றம் ஓய்ந்தது. அக்பரின் ஆவல் பொய்யன்று. மகாபாரதத்தைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தவர் அவர். எச்சமயத்தாரிடமும் கற்க விழைந்தவர். ஆனால் அரசர் நடுவராய் அமர்ந்த அவையில் வந்தவர்கள் வழக்கறிஞர் ஆயினர். தம் நெஞ்சில் உள்ள ஐயத்தை அங்கே எவர் வாய்விட்டுச் சொல்வார்? ஐயத்தைச் சொன்னால் தோல்வி ஆகிவிடும் அன்றோ?

நம் தமிழ்க் கடற்கரையிலும் இத்தகைய உரையாடல் நடந்ததுண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய செருமானியப் பாதிரியார் சீகன்பால்கு, கற்பிக்க வந்தவர்; ஆயினும் தமிழைக் கற்று, நம் மக்களிடம் கேட்கத் தொடங்கினார். அவரும் அவருடைய துணைவரும் எழுதியனுப்பிய கேள்விகளுக்குத் தமிழர்கள் விரிவாக மடல் எழுதி விடையளித்தார்கள். அவற்றுள் தொண்ணூற்றொன்பது மடல்கள் செருமானிய மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. அம்மடல்களை எழுதியவர்கள் தங்கள் வழிபாட்டை விளக்கியதோடு நில்லாமல், இங்கு வந்த ஐரோப்பியரின் குடியையும் ஒழுக்கக் குறைவையும் தயங்காமல் எடுத்துக் காட்டினார்கள். கேட்டவர் அதனையும் மறைக்காமல் அனுப்பி வைத்தார்.

அம்மடல்களையும் நம் நூல்களையும் ஆதாரமாகக் கொண்டு, தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெருநூலை அவர் எழுதி முடித்தார். அதனை அச்சிட அவருடைய மேலோர் இசையவில்லை. பிற சமயத்தை அகற்ற அனுப்பியவர், அச்சமயத்தை விளக்கி நூல் எழுதினால் அவர்கள் மகிழ்வார்களா? 1867-இல்தான் அந்நூல் சென்னையில் அச்சேறிற்று. சீகன்பால்கு தம் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. ஆயினும், மறுப்பதற்காகக் கேட்கத் தொடங்கியவர்கூட, உண்மையாகச் செவி கொடுத்தால், கேட்டதை மதிக்கக் கற்றுவிடுகின்றார் என்பதற்கு அந்நூல் சான்றாக நிற்கின்றது.

இவற்றையெல்லாம் எண்ணிய பின், வாயடைத்து நின்ற குறையைத் தீர்க்க ஒரு வழி செய்தேன். அடுத்த ஞாயிறன்று மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குச் சென்றேன். "பெஹன்ஜி, உங்கள் கேள்விக்கு என்னிடம் இன்னும் விடையில்லை. தேடிக்கொண்டிருக்கின்றேன். அதற்குள் நீங்கள் சொல்லுங்கள், உங்கள் நம்பிக்கை யாது?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் தயங்கினார். பிறகு, நாள்தோறும் விடியற்காலையில் குருவின் வாக்கை ஓதுவதாகவும், சில நாள்களில் சொற்கள் நாவில் ஓடும்போது மனம் சமையலறையில் இருப்பதாகவும், அவ்வாறு இருப்பினும் ஓதாத நாளில் ஏதோ கதவைத் தாழிடாமல் வந்துவிட்டாற்போல் தோன்றுவதாகவும் சொன்னார். பின்னர்த் தம் மாமனாரை நோக்கி, "நீங்கள் சொல்லுங்கள், பாபுஜி" என்றார்.

அப்பெரியவருக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். 1947-இல், பாக்பட்டன் நகருக்கு அருகிலிருந்த சிற்றூரிலிருந்து, சிறுவனாய்த் தாயின் கையைப் பற்றிக்கொண்டு வந்தவர். அந்நகரில்தான் 13-ஆம் நூற்றாண்டுச் சூஃபி ஞானியாகிய ஃபரீதின் அடக்கத்தலம் இருக்கின்றது. இன்று அது பாகிஸ்தானில் உள்ளது. குரு அர்ஜன் 1604-இல் ஆதி கிரந்தத்தைத் தொகுத்து அமிர்தசரசுப் பொற்கோயிலில் வைத்தபோது, குருமார்களின் பாக்களோடு கபீர், நாமதேவர், இரவிதாசர் ஆகியோரின் பாக்களையும், இசுலாமியராகிய ஃபரீதின் பாக்களையும் சேர்த்தார். பெரியவர் இதனைச் சொல்லிவிட்டு மேலும் ஒன்று சொன்னார். ஃபரீதின் கருத்துக்கு விளக்கமோ மாற்றமோ கூறத் தோன்றிய இடங்களில், குருமார்கள் அவர் பாவை நீக்கிவிடவில்லை, திருத்தவும் இல்லை, அதன் அருகிலேயே தம் பாவை அமைத்தார்கள். இன்றும் அவை அருகருகே ஓதப்படுகின்றன.

"வீடு போயிற்று; நிலம் போயிற்று; என் சிற்றப்பா வழியிலேயே போனார். என் தாயார் அழுதுகொண்டே ஃபரீதை ஓதினார். 'அவர்கள் செய்ததற்கு ஃபரீத் என்ன செய்வார்?' என்று என்னிடம் சொன்னார். என் சமயம் யாது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்" என்று முடித்தார். அவ்வறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

அக்பரின் மன்றம் நடந்த அதே காலத்தை ஒட்டியதுதான் அந்நூலின் தொகுப்பும். முன்னதில் மாற்றாரின் சொல்லை வெல்ல முயன்றார்கள். பின்னதில் மாற்றாரின் சொல்லை முழுமையாக வைத்து, அதன் அருகே தம் சொல்லை வைத்தார்கள். வேற்றுமையை மறைக்கவும் இல்லை. வேற்றுமைக்காக விலக்கவும் இல்லை. அயலாரோடு சமயம் பேச இதனினும் நல்ல இலக்கணம் வேறு எனக்குத் தெரியவில்லை.

வீடு திரும்பியதும் ஊரில் இருக்கும் என் மாமியாரோடு தொலைபேசியில் பேசினோம். "அத்தை, கொலு ஏன் வைக்கின்றோம்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எனக்குச் சாத்திரம் ஒன்றும் தெரியாது, மாப்பிள்ளை. என் தாயார் சொன்னதைச் சொல்கின்றேன். கீழ்ப்படியில் செடியும் பூச்சியும் விலங்கும், நடுவில் மனிதர், மேலே மகான்களும் தெய்வமும். நாம் நின்ற இடத்திலேயே நிற்கக் கூடாது, ஏற வேண்டும் என்பதற்காக வைப்பது. எனக்கென்று கேட்டால், நீங்கள் வைத்திருக்கின்றீர்களே மரப்பாச்சி இரண்டு, அவை என் தாயார் என் கல்யாணத்துக்குத் தந்தவை. அவற்றைத் துடைத்து வைக்கும்போது அவள் வந்து உட்கார்ந்தாற்போல் இருக்கும். இன்னொன்று. ஒன்பது நாளும் வருகின்ற பெண் யாராயிருந்தாலும், எந்தச் சாதி எந்த மதம் என்றாலும், அவள் அம்பாள். குங்குமமும் தாம்பூலமும் கொடுக்காமல் அனுப்பக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

விசயதசமி மாலையில் அம்மையாரை மீண்டும் அழைத்து, மாமியார் சொன்னதை என் மகளையே சொல்லச் சொன்னேன். பாட்டியின் சொற்களை அவள் இந்தியில் திருப்பிச் சொன்னாள்; மரப்பாச்சிகளை எடுத்துக் காட்டினாள். அம்மையார் கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்படியானால் ஆறு ஆண்டுகளாக எனக்குத் தாம்பூலம் கொடுத்தீர்களே, அது எனக்கு இல்லையா? என்னைத் தேவி என்று எண்ணியா கொடுத்தீர்கள்?" என்றார். என் மனைவி தலையசைத்தாள். "எங்கள் நெறியில் இதை ஒப்புக்கொள்ள மாட்டோம். மனிதர் மனிதர்தான்; இறைவன் ஒருவன்தான்" என்றார் அவர். சற்றுப் பொறுத்து, "ஆனால் இதனை நான் மறக்க மாட்டேன்" என்றார். அவர் எங்கள் நம்பிக்கையை ஏற்கவில்லை. நாங்களும் அவருடையதை ஏற்கவில்லை. ஆயினும் ஆறு ஆண்டு நட்பில் அன்றுதான் ஒருவரை ஒருவர் கண்டோம்.

என் மகளுக்கும் என் விடையைச் சொன்னேன். அம்பாள் அப்பொம்மைகளில் எழுந்தருளுகின்றாளா என்பதை அறுதியிட்டுச் சொல்லும் அறிவு எனக்கு இல்லை. ஆனால் வீட்டுக்கு வரும் எவரையும் தெய்வமாக எண்ணி வரவேற்க வேண்டும் என்பதை நான் நம்புகின்றேன். அதனை ஒன்பது நாளேனும் பழகுவதற்கு இக்கொலு எனக்குத் துணை செய்கின்றது என்றேன். பாட்டியின் நம்பிக்கை அளவுக்கு இது ஆழமானது அன்று. எனினும் இது என்னுடையது.

அன்பர்களே, இவ்வனுபவத்திலிருந்து நான் கற்ற சிலவற்றை உங்கள் முன் வைக்கின்றேன். முதலாவது, நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது "எங்கள் சமயம் கூறுவது" என்று தொடங்காமல், "நான் செய்வது, நான் எண்ணுவது" என்று தொடங்குவது நன்று. சமயத்தின் சார்பில் பேசினால் வழக்காடுவோம். நம் சார்பில் பேசினால் உண்மை பேசுவோம். இரண்டாவது, ஒப்பிடும்போது நம் சான்றோரின் வாழ்வையும் பிற சமயத்துக் கயவரின் செயலையும் ஒப்பிடுதல் நேர்மை ஆகாது. சான்றோரைச் சான்றோரோடு ஒப்பிடுக; குறையைக் குறையோடு ஒப்பிடுக. மூன்றாவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்க வேண்டா. அச்சொல்லே தேடலின் தொடக்கம்.

நான்காவது ஒன்று உண்டு. இக்காலத்தில் அது இன்றியமையாதது. கேட்பது வேறு; விசாரணை செய்வது வேறு. ஒருவர் உண்பதையும் உடுத்துவதையும் காட்டி, அவர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்னும் குரலில் கேட்பது, அறிவுத் தேடல் அன்று, அச்சுறுத்தல். பதில் கூறாதிருக்கும் உரிமை எதிரில் உள்ளவருக்கு இருந்தால் மட்டுமே அது கேள்வி. ஆறு ஆண்டுகள் சோறும் பலகாரமும் பகிர்ந்த பின்னரே எங்கள் வீட்டில் அக்கேள்வி எழுந்தது. நட்பு முன்னே சென்று வழி திறந்தது. கேள்வி பின்னே வந்தது.

இறுதியாக நம் சங்கத்தைப் பற்றி ஒரு சொல். சங்கம் என்றால் நாம் அனைவரும் தமிழர் என்று கூறி மகிழ்கின்றோம். நம்மிடையே கிறித்தவர் உள்ளனர், இசுலாமியர் உள்ளனர், கடவுள் உண்டு என்பதை ஏற்காதவரும் உள்ளனர். பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் அருகருகே அமர்ந்து உண்கின்றோம். அவர்கள் இல்லத்தில் தமிழில் எவ்வாறு வழிபடுகின்றார்கள் என்று நாம் கேட்டதுண்டா? உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணம் என்னும் காப்பியமாகப் பாடியதையும், வீரமாமுனிவர் சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு தேம்பாவணி பாடியதையும் நம் பிள்ளைகள் தேர்வுக்காகப் படித்தறியலாம். அதே நம்பிக்கையோடு நம் வரிசையிலேயே அமர்ந்திருப்பவரின் நெஞ்சம் அவர்களுக்குத் தெரியாது.

ஆதலின் ஒரு வேண்டுகோள். வரும் பொங்கலுக்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, விரும்பும் குடும்பத்தினர் சிலர், ஒருவருக்குப் பத்து மணித்துளி என்று, தம் வீட்டில் செய்யும் வழிபாடு ஒன்றையும் அது தமக்கு எதற்காக வேண்டியிருக்கின்றது என்பதையும் சொல்லட்டும். நடுவர் வேண்டா, பரிசு வேண்டா, எச்சமயம் உயர்ந்தது என்னும் பேச்சும் வேண்டா. வழிபாடு இல்லாத வீட்டார், தாம் எதனைப் பற்றிக்கொண்டு துன்பத்தைக் கடக்கின்றோம் என்பதைச் சொல்லட்டும். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். செயற்குழுவினர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

மரப்பாச்சி இரண்டையும் இவ்வாண்டு என் மகளே துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். "இவை கொள்ளுப்பாட்டி தந்தவை" என்று ஒரு தாளில் தமிழில் எழுதி உடன் வைத்திருக்கின்றாள். அடுத்த ஆண்டு எவரேனும் கேட்டால் சொல்வதற்கு அவளிடம் ஒரு விடை இருக்கின்றது. உங்கள் வீட்டில் இத்தகைய கேள்வி எழுந்ததுண்டா? நீங்கள் அதற்கு யாது விடை கூறினீர்கள்? எழுதியனுப்புங்கள், அடுத்த இதழில் இப்பகுதியை உங்கள் விடைகளுக்கே விட்டுவிடுகின்றேன்.